பெரிய கேமராவும் சோப்பு டப்பாவும்

என் அக்கா பேத்தியின் காதுகுத்து விழா முழுவதையும் மெமரி கார்டு போடாத கேமராவில் படமெடுத்தவன் நான். இதை இப்போதுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன். உறவினர்களிடம் சொல்லி வைத்திருப்பது வேறு: ‘எடிட்டிங்கில் இருக்கிறது.’ அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எடிட்டிங் இன்னும் முடிந்தபாடில்லை.

பழியைக் கேமராவின் மேல் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கார்டு இல்லை என்பதை அது ஓரமாக ஒரு சின்ன எழுத்தில் மின்னி மின்னிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் சத்தத்தில் மயங்கிவிட்டேன். தொழில்காரர்கள் வைத்திருந்த பழைய டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வசதியான வீட்டில் இரும்பு பீரோவைச் சாத்துகிற மாதிரி கனமான, நிறைவான சத்தம். ஒருமுறை சாத்தினால் மறுபடி சாத்தத் தோன்றும். குழந்தை வீறிட்டது; அதை மடியில் வைத்திருந்த தாய்மாமனும் ஏறக்குறைய வீறிட்டான்; நான் சுற்றிச் சுற்றி வந்து பீரோவைச் சாத்திக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கேமராவை நான் வாங்கியது கலைக்காக அல்ல. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பல வருடங்களாகக் கவனித்துவந்த உண்மை ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் ‘கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார்’ என்று தள்ளிவிடுவார்கள். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டியவனை மட்டும் யாரும் தள்ளுவதில்லை. கூட்டம் தானாக விலகும். மேடையில் மாப்பிள்ளைக்கே அவன் உத்தரவு போடலாம். முதல் பந்தியில் அவனுக்கு யாரும் கேட்காமலே இடம் கிடைக்கும். வயது ஐம்பதைத் தாண்டியும் கடைசிப் பந்தியில் பிரியாணி தீர்ந்து கத்தரிக்காய் மட்டும் மிஞ்சுகிற நேரத்துக்கே உட்காரும் என் போன்றவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்பதை யோசித்துப் பாருங்கள்.

வேலூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் புதியதை வாங்கிவிட்டுப் பழையதைத் தள்ளிவிடப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதும் போய் நின்றேன். “எத்தனையோ கல்யாணம் பாத்தது சார், ராசியான கேமரா” என்றார். அந்தக் கல்யாணங்களின் இன்றைய நிலவரத்தை நான் விசாரிக்கவில்லை.

காதுகுத்து விழாவில் என் மனைவியும் படமெடுத்தாள். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளிடம் இருப்பது புதிதாக வந்த சின்ன கேமரா. கைப்பையில் சாவிக்கொத்துக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் கிடக்கும். நான் அதற்கு ‘சோப்பு டப்பா’ என்று பெயர் வைத்திருந்தேன். இன்று அந்த விழா நடந்ததற்கான ஒரே சாட்சி சோப்பு டப்பாதான்.

இரண்டையும் ஒப்பிட்டு நான் வீட்டில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்குக் கணக்கில்லை. என் கேமராவில் கண்ணாடி வழியாக உலகத்தை நேரடியாகப் பார்க்கலாம். உன்னுடையதில் திரையைப் பார்த்துக் கைகளை நீட்டி, வெள்ளெழுத்து வந்தவர் தந்தியைத் தூரமாகப் பிடித்திருப்பது போல நிற்க வேண்டும். என் கேமராவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். உன்னுடையதில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொத்தான். என்னுடையது உள்ளதை உள்ளபடி காட்டும். உன்னுடையது முகத்தைக் கண்டால் கட்டம் போட்டு, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி அனுப்புகிறது. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்பாள். கடைசியில், “உங்களுதுல காதுகுத்து போட்டோ ஒண்ணு காட்டுங்க” என்பாள். சொற்பொழிவு அங்கே முடியும்.

என் கேமராவுக்கு ஒரு வியாதியும் இருந்தது. கைப்பிடியைச் சுற்றி ஒட்டியிருந்த ரப்பர் வயதாகி ஊதிப்போய், ஓரங்களில் கழன்று, தொட்டால் பிசுபிசுத்தது. காய்கறிக் கட்டிலிருந்து எடுத்த ரப்பர் பேண்டுகளைப் போட்டு அதைக் கட்டி வைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் ஆம்பூர் நண்பன் வீட்டுக்கு வந்தான். பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த உறவினர் ஒருவரைப் பார்க்க வேலூர் வந்தவன், அப்படியே எங்கள் வீட்டில் டீ குடிக்க ஏறினான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு படித்தவன். ஊரார் அவனை பாய் என்பார்கள், நான் டா போட்டுப் பேசுவேன், என் மனைவி அண்ணா என்பாள். தோலில் நிறமேற்றுவது அவன் தொழில். தோல் பதனிடும் டேனரியில் சாயம் போடும் டிரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிறர் கொண்டுவரும் தோலுக்கு அவர்கள் கேட்கிற நிறத்தைக் கொடுத்து அனுப்புவான். அந்தத் தோல் எந்த நாட்டில் யார் காலுக்குப் போகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

மேஜைமேல் என் கேமராவைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

“இன்னாடா இது, கீரக்கட்டு மாதிரி கட்டி வெச்சிருக்க?”

ரப்பர் கழன்றுவிட்டது என்றேன்.

“ஆம்பூர்க்காரன் தோஸ்த்தா இருந்துகினு ரப்பரத் தூக்கினு சுத்துறியே, வெக்கமா இல்ல?”

பதிலுக்குக் காத்திருக்காமல் கேமராவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அதன் ரப்பர் முழுவதும் உரித்தெடுக்கப்பட்டிருந்தது. அந்த இடங்களிலெல்லாம் ஆட்டுத் தோல் வெட்டி, ஷூவுக்குப் போடும் பசையால் ஒட்டியிருந்தான். பிசிறில்லாத வேலை. ஆனால் தோலைத் திருப்பி ஒட்டியிருந்தான். பளபளப்பான மேல்பக்கம் உள்ளே. பஞ்சு போல மெல்லிய சுணை நிற்கும் உள்பக்கம் வெளியே.

கேட்டால், “உனக்குக் கை வேர்க்கும். மேல்பக்கம்னா வழுக்கிட்டுப் போய்டும்” என்றான். பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் என் விடைத்தாள் நனைந்துபோனது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

கருப்பட்டி நிறத்தில், மெத்தென்று, கரடிக்குட்டி போல இருந்தது கேமரா. கையை எடுக்க மனசு வரவில்லை. ஆனால் வெளியில் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தது. என் மனைவி ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கு என்றேன். “காலையில தலை சீவி விடுங்க” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நண்பனிடமிருந்து போன். அவன் குரலில் கிண்டல் இல்லை, அதனால் பயந்துவிட்டேன். விஷயம் இதுதான். இத்தனை வருடமும் பிறர் தோலுக்கு நிறமேற்றியவன், இந்த முறை கையிலிருந்ததையெல்லாம் போட்டு முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு லாட்டு ஆட்டுத்தோல் வாங்கி, தன் விருப்பப்படி கருப்பட்டி நிறம் ஏற்றியிருக்கிறான். சென்னையில் ஒரு ஏஜென்ட் அதைக் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர் ஒருவர் அன்று சாயங்காலம் அவரைப் பார்க்க வருகிறார். மதியத்துக்குள் போட்டோக்கள் வந்தால் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வெளிநாட்டுக்காரருக்கு மேல்பூச்சு எதுவும் போடாத, இயற்கையான தோல்தான் வேண்டுமாம்.

“இந்த லாட்டு வித்துப் போச்சுன்னா நான் வியாபாரி. போகலேன்னா மாமனாருக்கு சலாம் வெச்சுட்டு அவரு செருப்புக் கடை கல்லாவுல உக்காரணும்” என்றான். அவனுடைய மாமனாரை எனக்குத் தெரியும். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் மின்விசிறி கிடையாது, மாமனார் உண்டு.

“போன்ல எடுத்தா கலரு சிவப்பா வருதுடா. நீதான் பெரிய கேமரா வெச்சிருக்கியே. வா.”

என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேமரா ஒருவனுக்குத் தேவைப்பட்டது. முக்காலி, லென்ஸ்கள், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை என்று கல்யாணச் சீர் போல எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இந்த முறை கார்டு போட்டேனா என்று என் மனைவி திறந்து பார்த்துவிட்டே கூட வந்தாள். சோப்பு டப்பா வழக்கம்போல அவள் கைப்பையில் இருந்தது.

தோல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டியூப் லைட்டில் நிறம் பார்க்க மாட்டார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் முற்றத்துக்குக் கொண்டுவந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, தோலைத் தூக்கி, மடித்து, கட்டைவிரலால் நீவி, முகர்ந்து பார்ப்பார்கள். நாங்கள் போனபோது நண்பன் முற்றத்தில் கயிறு கட்டித் தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். எல்லாம் மேல்பக்கம் தெரியும்படி. தோலின் மேல்பக்கத்தை அங்கே முகம் என்பார்கள். முகம் எப்படியோ விலை அப்படி. ஒரு தோலைத் திருப்பிப்போட்டு விற்கிறான் என்றால் முகம் தேறவில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி. நண்பன் அன்று அதிகாலையிலேயே ஒவ்வொரு முகத்தையும் மெல்லிய துணியால் துடைத்து வைத்திருந்தான்.

நான் முக்காலியை நிறுத்தினேன். தெர்மாகோல் அட்டையை நண்பன் பிடித்துக்கொண்டான். காற்றில் அது அவனை இழுத்துக்கொண்டு போனது. டேனரி வாடையில் எனக்குக் கண் கலங்கியது. கலைஞனின் உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டியிட்டேன், குனிந்தேன், குப்புறப் படுத்தேன். பீரோவைச் சாத்திச் சாத்தி எடுத்தேன். அதே நேரத்தில் என் மனைவி ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, மறு கையால் சத்தமே இல்லாமல் நடந்தபடி நாலு படம் எடுத்திருக்கிறாள். எடுத்ததே எனக்குத் தெரியாது.

எடுத்து முடித்ததும் என் கேமராவின் பெரிய குறை தெரிந்தது. அதன் கார்டு பழைய மாடல். பிஸ்கட் அளவு இருக்கும். அதை நுழைக்க இப்போதுள்ள எந்த இயந்திரத்திலும் ஓட்டை கிடையாது. நண்பனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஜாரில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்தேன். ஒரு கடைக்காரர் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதை எங்கள் அப்பா வைத்திருந்தார் என்றார். கடைசியில் அவருடைய அப்பாவின் மேஜை இழுப்பறையில்தான் அதற்கான ரீடர் கிடைத்தது.

நான் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது என் மனைவியின் படங்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தன. சோப்பு டப்பாவிலிருந்து நண்பனின் போனுக்குக் காற்றிலேயே பறந்து, அங்கிருந்து அவன் எல்லாவற்றையும் மொத்தமாக ஏஜென்ட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தான். என்னுடையவற்றையும் அனுப்பினோம். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: “ரெண்டையும் பார்க்கட்டும். வித்தியாசம் அவருக்கே தெரியும்.”

தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஏஜென்ட் கூப்பிட்டார். நண்பன் ஸ்பீக்கரில் போட்டான்.

“பெரிய பெரிய போட்டோவா அனுப்பிருக்கீங்களே பாய், அத பாத்தேன். ஆட்டுக்கு அம்மை போட்டிருந்ததா?”

நண்பன் என்னைப் பார்த்தான். ஆட்டை உண்ணி கடித்த இடங்களில் தோலில் சின்னச் சின்னத் தழும்பு இருக்கும். கையில் வைத்துப் பார்த்தால் பாதி தெரியாது. நான் முக்காலி போட்டு, பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்து, அத்தனை தழும்பையும் ஒன்று விடாமல், நிழலோடு, மலையும் பள்ளத்தாக்குமாக எடுத்திருந்தேன். உள்ளதை உள்ளபடி காட்டும் கேமரா என்று நான்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சின்ன போட்டோவும் பாத்தேன்” என்றார் ஏஜென்ட். “நான் லெதர் கேட்டேன். நீங்க ரெக்ஸின் அனுப்பறீங்க.”

ஆம்பூரில் ஒருவனைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை அது. நண்பனின் காது சிவந்தது. ஆனால் தப்பு சோப்பு டப்பாவின் மேல்தான். காதுகுத்தன்று முகங்களை வழவழப்பாக்கும்படி வைத்த அமைப்பை என் மனைவி மாற்றவே இல்லை. அது ஆட்டையும் உறவுக்காரி என்று நினைத்து, தழும்பு, சுருக்கம், ரோமக்கால் எல்லாவற்றையும் துடைத்து, மேஜைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் போல ஆக்கியிருந்தது. ஒரு கேமரா அளவுக்கு மீறிப் பேசியது. இன்னொன்று வாயே திறக்கவில்லை. நடுவில் நண்பனுக்கு மாமனாரின் கல்லா தெரிந்தது. பக்கத்திலிருந்த தோலை எடுத்து, ஒன்றும் செய்யாமல், மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“கடைசியா ஒரு போட்டோல யாரோ தரையில கெடக்கறாரே,” என்றார் ஏஜென்ட், “யாரது?”

என் மனைவி எடுத்த நாலாவது படம். மொத்தமாகத் தள்ளிவிட்டதில் அதுவும் போயிருக்கிறது. முக்காலிக்குக் கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி, வாயைப் பிளந்து, கேமராவை நெஞ்சோடு அணைத்துக் கிடந்தேன். சோப்பு டப்பா என் முகத்துக்கும் கட்டம் போட்டு வழவழப்பாக்கியிருந்தது. வேளாவேளைக்குப் பால் குடிக்கும் குழந்தை போல இருந்தேன்.

“நம்ம தோஸ்த் சார். போட்டோ எடுக்க வந்தாரு.”

“அவர விடுங்க. அவரு கையில கேமரா இருக்குல்ல, அது மேல சுத்தியிருக்கறது என்ன லெதர்?”

மூவரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். என் முகத்துக்குக் கட்டம் போட்ட மும்முரத்தில் சோப்பு டப்பா கேமராவைச் சும்மா விட்டிருந்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழ, கருப்பட்டி நிறச் சுணை ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. என் விரல்கள் அழுந்திய இடத்தில் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது. பார்த்தாலே தொடத் தோன்றும்.

நண்பன் போனருகே குனிந்தான். “இதே லாட்டுதான் சார்” என்றான். பிறகு, மாமனாரிடம் பேசுவது போன்ற குரலில், “உள்பக்கம்” என்றான்.

“உள்பக்கம் முழுக்க இப்படியே வருமா?”

“தேச்சு எடுத்தா இதவிட நல்லா வரும்.”

“அப்ப மொத்தத்தையும் திருப்பிப் போட்டுக் குடுப்பீங்களா? முகத்துல என்ன தழும்பு இருந்தா எனக்கென்ன, அது உள்ளதானே போகப் போகுது.”

நண்பன் கயிற்றில் தொங்கும் முகங்களைப் பார்த்தான். தன் பெயரில் வரும் முதல் லாட்டு. காலையில் துணி வைத்துத் துடைத்த முகங்கள். அத்தனையையும் ஊருக்கு முதுகு காட்டி அனுப்ப வேண்டும். பிறர் தோலாக இருந்தால் யோசித்தே இருக்க மாட்டான். என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, போடறவங்க காலுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னண்ணா?”

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கையிலிருந்த கரடிக்குட்டியைப் பார்த்தான்.

“குடுக்கறேன் சார்” என்றான்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஒரு தோலின் உள்பக்கத்தைத் தேய்த்துத் துண்டு வெட்டி கூரியரில் அனுப்பினான். வெளிநாட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டது. லாட்டு முழுவதும் அவருக்கே என்று முடிவானது. அடுத்த லாட்டுக்கும் பேச்சு நடந்தது. மாமனார் கல்லாவில் வழக்கம்போல மாமனாரே உட்கார்ந்திருக்கிறார். நண்பன் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெட்டியை என்னிடம் கொடுப்பதா என் மனைவியிடம் கொடுப்பதா என்று தடுமாறி, கடைசியில் இரண்டு கேமராவுக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தான். நியாயஸ்தன்.

இந்த ஆர்டரே என் கேமராவால்தான் வந்தது என்று நான் அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினேன். அது பொய் இல்லை என்பதால் யாராலும் மறுக்கவும் முடியவில்லை. என் மனைவி மட்டும் ஒவ்வொரு முறையும் இருமுவாள்.

ஏஜென்ட் ஒருநாள் லாட்டைப் பார்க்க ஆம்பூருக்கே நேரில் வந்தார். அன்று நானும் போயிருந்தேன். தற்செயலாகப் போனதாகச் சொல்லிக்கொண்டேன். கழுத்தில் கேமரா தொங்கியது. காலையில் சீவியும் விட்டிருந்தேன். நண்பன் என்னை அறிமுகப்படுத்தினான். ஏஜென்ட்டின் முகம் மலர்ந்தது. கேமராவைக் கேட்டு இரண்டு கையாலும் வாங்கி, முற்றத்துக்குக் கொண்டுபோய், வெயிலுக்கு முதுகு காட்டி நின்றார். கட்டைவிரலால் ஒரு பக்கம் நீவினார், மறுபக்கம் நீவினார். மூக்கருகே வைத்து முகர்ந்தார். பசை போட்ட ஓரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுத்தமான வேலை என்று நண்பனைப் பாராட்டினார்.

நான் என் முறைக்காகக் காத்திருந்தேன். எத்தனை வருடம் பழைய கேமரா, எத்தனை கல்யாணம் பார்த்தது, லென்ஸ் எப்படிப்பட்டது, இந்தக் காலத்துச் சின்ன கேமராக்களுக்கும் இதற்கும் என்னென்ன வித்தியாசம் என்று வீட்டில் ஒத்திகை பார்த்த சொற்பொழிவு நாக்கு நுனியில் இருந்தது.

கேமராவை ஜாக்கிரதையாக என் கையில் திருப்பிக் கொடுத்தார் ஏஜென்ட்.

“ரொம்ப நல்லாருக்கு சார்” என்றார். “இதுல படமும் எடுக்கலாமா?”